தங்கைகள் புதிதாக வரவில்லை

எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஆண்டு தவறாமல் பேசுகிற பெரியவர் ஒருவர் உண்டு. நியூ ஜெர்சிக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூட நாளில் தமிழ்நாட்டில் சாரணராக இருந்தவர். இங்கே வந்து தன் இரண்டு பையன்களையும் ஸ்கவுட்டில் சேர்த்து, இருவரையும் ஈகிள் ஸ்கவுட் என்ற உச்சப் பட்டம் வரை கொண்டுபோனவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2018 பொங்கலிலிருந்து அவர் பேச்சில் ஒரு வாசகம் நிலையாக உட்கார்ந்துவிட்டது: "ஆம்பளப் பசங்களுக்குன்னு இந்த நாட்டுல இருந்த ஒரே இடம். அதையும் குடும்பச் சுற்றுலாவா மாத்திட்டாங்க." சொல்லி முடித்ததும் கைதட்டல் எழும். தட்டுகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை ஸ்கவுட் பக்கமே அனுப்பாதவர்கள்.

ஏழெட்டு ஆண்டு பொறுத்தேன். வயதில் மூத்தவர், விழா மேடை, நமக்கேன் வம்பு என்று தட்டில் இருந்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். இந்த ஆண்டு அந்தப் பேச்சையே சங்க மலரில் மூன்று பக்கக் கட்டுரையாகப் போட்டுவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை ஸ்கவுட்டில் சேர்க்க நினைத்திருந்த என் தோழி ஒருத்தி, "வேண்டாம்னு தோணுதுக்கா, பசங்க இடத்தை நாம ஏன் பிடுங்கணும்?" என்று கேட்டாள். அதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா 1910 பிப்ரவரி 8 அன்று தொடங்கப்பட்டது. 2017 அக்டோபரில், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள கப் ஸ்கவுட் பிரிவில் பெண் குழந்தைகளையும் சேர்ப்பதாக அறிவித்தது. 2018ல் அவர்கள் வந்தார்கள். 2019 பிப்ரவரியிலிருந்து அடுத்த பிரிவும், அதாவது பதினேழு வயது வரை நீளும் ட்ரூப்பும், பெண்களுக்குத் திறந்தது. 2025 பிப்ரவரி 8 அன்று, 115ஆம் பிறந்தநாளில், அமைப்பின் பெயர் ஸ்கவுட்டிங் அமெரிக்கா ஆனது. இவ்வளவுதான். இதைத்தான் பெரியவரின் கட்டுரை "நூறாண்டு மரத்தை வேரோடு சாய்த்தது" என்கிறது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது சீக்கிரம் முடிந்துவிடும். "பாய்" என்ற சொல்லை எடுத்தது ஸ்தாபகருக்குச் செய்த துரோகமாம். ஸ்தாபகர் பேடன் பவலின் சொந்த நாட்டில், பிரிட்டனில், தாய்ச் சங்கமே 1967ல் தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. கட்டுரையாளர் சாரணராக உறுதிமொழி எடுத்த இந்திய அமைப்பின் பெயரிலும் ஆண்பால் சொல் கிடையாது.

தரம் இறங்கிவிட்டது என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறார். ஈகிள் பட்டத்துக்குப் பையன்களுக்கு 21 மெரிட் பேட்ஜ் என்றால் பெண்களுக்கும் 21. சேவைத் திட்டமும் அதே. நீச்சலில் ஒரு கெஜம்கூடக் குறைத்துக் கொடுக்கவில்லை.

அடுத்தது பேடன் பவல் பற்றிய வாதம். "அவர் பையன்களுக்காகவே தொடங்கினார், புத்தகத்தின் தலைப்பே அப்படித்தான்" என்கிறார். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் முகாமில் பையன்கள் மட்டுமே இருந்தார்கள், உண்மை. 1908ல், சாரணியம் பற்றி பேடன் பவல் எழுதிய அந்தப் புத்தகம் பகுதி பகுதியாகக் கடைக்கு வந்தது. கடையில் புத்தகம் வாங்குகிறவரிடம் நீ ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் தங்கையும் படித்தார்கள், தாங்களாகவே குழு சேர்த்தார்கள், சீருடை தைத்துக்கொண்டார்கள். 1909 செப்டம்பர் 4 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் திரண்ட பேரணியில், யாரும் அழைக்காமலே ஒரு சிறு பெண்கள் கூட்டம் வந்து நின்றது. நாங்களும் ஸ்கவுட்தான் என்று சொன்னது. இயக்கம் பிறந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. மறு ஆண்டு பேடன் பவல் தன் தங்கை ஆக்னெஸ் பொறுப்பில் அவர்களுக்கென்று கைட்ஸ் என்ற தனி அமைப்பை உண்டாக்கினார். அந்தக் காலத்துப் பெற்றோர்களும் ஊர்ப் பேச்சும் அதற்கு மேல் அவரை விட்டிருக்காது. அதை 2025லும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று அவர் எங்கும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

இங்கே கட்டுரையாளருக்கு அவருடைய சொந்தக் கதையையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கட்டுரையின் முதல் பத்தியில் தன் சாரண நாட்களைப் பெருமையோடு எழுதுகிறார். அந்தச் சீருடை அவருக்கு எப்படிக் கிடைத்தது? இந்தியாவில் 1909ல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கிய குழுவும், அதைத் தொடர்ந்து வந்தவையும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கானவை. இந்தியப் பையனுக்கு அங்கே இடமில்லை. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் 1916ல் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்க வேண்டி வந்தது. வடக்கே மதன் மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் அமைப்பைக் கட்டினார்கள். 1921ல் பேடன் பவலே இந்தியா வந்து பார்த்தார். பெசன்ட்டின் சங்கம் அதன்பின் தாய் இயக்கத்தோடு சேர்ந்தது. யாருக்கு இடம் உண்டு என்ற கோடு அன்றைக்கு அழிக்கப்பட்டதால்தான் ஐயா, தமிழ்நாட்டுப் பள்ளி மைதானத்தில் நீங்கள் அந்த ஸ்கார்ஃபைக் கழுத்தில் கட்டினீர்கள். 1950 நவம்பரில் பாரத சாரணர் அமைப்பு உருவாகி, மறு ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சாரணியர்களும் அதே குடைக்குள் வந்துவிட்டார்கள். நீங்கள் அணிவகுத்த மைதானத்தின் மறுபக்கம் சாரணியர்களும் நின்றிருப்பார்கள். அது சுற்றுலாவாக உங்களுக்குத் தெரியவில்லை.

"பெண்களுக்குத்தான் கேர்ள் ஸ்கவுட்ஸ் இருக்கேம்மா?" என்று அவர் என்னிடமே நேரில் கேட்டிருக்கிறார். இருக்கிறது. 1912 மார்ச் 12 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் ஜூலியட் கார்டன் லோ 18 பெண்களோடு தொடங்கிய அருமையான அமைப்பு. அங்கே போக விரும்புகிற பெண் போகட்டும், நானே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். ஆனால் இந்த வாதத்தைச் சொல்கிறவர் ஒரு வாரநாள் மாலையில் எங்கள் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். ஒரே கார். கணவருக்கு நகரத்தில் வேலை, ரயில் பிடித்து வீடு வர ஏழரை ஆகும். மகனுக்குத் திங்கள் ஒரு பள்ளியில் கூட்டம், மகளுக்குப் புதன் வேறெங்கோ ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கூட்டம். சனிக்கிழமை இருவருக்கும் இரண்டு திசையில் முகாம். தாத்தா பாட்டி பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி மதுரையில். இப்படிப்பட்ட வீடுகளில் என்ன நடக்கும் தெரியுமா? யாராவது ஒரு பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்த வீடுகளில் நிறுத்தியது பெரும்பாலும் பெண்ணைத்தான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் தந்தைக்கும், இரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரே மாலை, ஒரே இடம், இரண்டு பிள்ளைகளும் என்று வந்தபோது பிழைத்த வீடுகள் பல.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். குடும்பச் சுற்றுலா.

இது எட்டு ஆண்டாக என்னை உறுத்துகிற சொல். பையன்கள் அம்மா முந்தானையை விட்டு விலகி ஆண்களோடு காட்டுக்குப் போய் ஆளாக வேண்டிய இடத்துக்குள் 2018ல் குடும்பம் புகுந்து கெடுத்துவிட்டது என்பது இதன் பொருள். அதற்கு முன் குடும்பம் அங்கே இல்லை என்பது இதன் அடியில் இருக்கிற பொய்.

கப் ஸ்கவுட் என்ற கருத்து பிறந்தது 1916ல், பிரிட்டனில், வுல்ஃப் கப் என்ற பெயரில். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். பதினோரு வயது ஆகாத பையன்களை மேய்த்தவர்கள் பெண்கள். வேரா பார்க்ளே என்ற பெண்மணி அந்தப் பிரிவின் முறைகளை வகுப்பதில் பேடன் பவலுக்குத் தோள் கொடுத்தார். அதற்கு எடுத்துக்கொண்ட கதையோ கிப்ளிங்கின் காட்டுப் புத்தகம். பெற்றோரைப் பிரிந்து வந்த மனிதக் குழந்தையை ஒரு ஓநாய்த் தாய் தன் குட்டிகளோடு குட்டியாகச் சேர்த்துக்கொள்கிறாள். இவன் நம் இனமில்லை, வெளியே போடு என்று உறுமிக்கொண்டு புலி வாசலில் நிற்கிறது. ஓநாய்த் தாய் விட மறுக்கிறாள். கூட்டம் கூடிப் பேசி அவனை ஏற்றுக்கொள்கிறது. உலகம் முழுவதும் சின்னஞ்சிறு சாரணர்கள் நூறு ஆண்டுக்கு மேலாக இந்தக் கதையின் பெயர்களைச் சொல்லித்தான் வளர்கிறார்கள். பெரியவரும் குருளையராக, அதாவது நம் ஊர் கப் ஸ்கவுட்டாக, இருந்தபோது ஓநாய்க் கூட்டத் தலைவன் அகேலாவுக்கு வணக்கம் சொல்லியிருப்பார். அந்தக் கதையில் தான் யார் பக்கம் நிற்கிறோம் என்று இந்தக் கட்டுரையை எழுதும்போது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அமெரிக்காவுக்குக் கப் ஸ்கவுட் 1930ல் வந்தது. ஆறேழு பையன்கள் சேர்ந்தால் ஒரு டென். டென் கூடுவது யார் வீட்டில்? யாரோ ஒரு அம்மாவின் சமையலறை மேசையில். அவளுக்குப் பெயரே டென் மதர். பல பத்தாண்டுகள் அந்தப் பெயர்தான் அச்சடித்த புத்தகங்களில் இருந்தது. பசை கொட்டிய மேசையைத் துடைத்தவள் அவள், கோந்தும் கத்தரிக்கோலும் வாங்கியவள் அவள், சட்டையில் பட்டை தைத்தவள் அவள். அப்போது யாரும் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று மேடை ஏறவில்லை. 1982ல் டைகர் கப் என்று ஏழு வயதுப் பையன்களுக்கு ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதன் விதியே பெரியவர் ஒருவர் கூடவே வர வேண்டும் என்பது. அம்மாவோ அப்பாவோ அருகில் இல்லாமல் அந்தக் குழந்தை கூட்டத்துக்கே வர முடியாது.

டெர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பைன்வுட் டெர்பி இல்லாத கப் ஸ்கவுட் வாழ்க்கை கிடையாது. அது எப்படி வந்தது? கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்ற தந்தை. அவருடைய பத்து வயது மகனுக்கு, பெரிய பிள்ளைகள் ஏறி ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் கலந்துகொள்ள வயது போதவில்லை. வயது போதாத பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க மனமில்லாத அந்த அப்பா, 1953ல், மகனோடு சேர்ந்து செய்யக்கூடிய ஒரு சின்ன மரக்கார் பந்தயத்தை உருவாக்கினார். உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லப்பட்ட ஒரு பிள்ளைக்காக ஒரு வீட்டில் பிறந்த விளையாட்டு அது.

ட்ரூப்புக்கு வாருங்கள். கனெக்டிகட் மாநிலம் மில்ஃபோர்டில் கேத்தரின் போலர்ட் என்ற பெண்மணி. 1970களில் அந்த ஊர் ட்ரூப்பை நடத்த ஓர் ஆண்மகனும் முன்வரவில்லை. அவர் நடத்தினார். பையன்களோடு காட்டுக்குப் போனார், கூடாரம் அடித்தார். ஸ்கவுட்மாஸ்டராகப் பதிவு செய்யுங்கள் என்று விண்ணப்பித்தபோது அமைப்பு மறுத்தது. வளரும் பையனுக்கு ஆண்தான் முன்மாதிரி என்று நீதிமன்றத்தில் வாதாடியது. 1987ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் அமைப்பே வென்றது. வென்ற கையோடு, 1988 பிப்ரவரியில், அந்தத் தடையை அமைப்பே கைவிட்டது. எழுபதை நெருங்கிய வயதில் போலர்ட் நாட்டின் முதல் பெண் ஸ்கவுட்மாஸ்டர் ஆனார். வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் ஏட்டில் எழுத மாட்டோம் என்பது அந்தப் பதினைந்து ஆண்டுக் கதை. 2012ல் ஒஹையோவில் தன் மகனின் டென்னை நடத்திவந்த ஒரு தாயை, அவர் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார் என்பதற்காக வெளியேற்றினார்கள். அவர் செய்த வேலையில் யாருக்கும் குறை இல்லை. அப்படிக் குடும்பம் நடத்தும் பெரியவர்களுக்கான தடை 2015ல்தான் நீங்கியது. குடும்பம் எப்போதும் உள்ளேதான் இருந்தது. எந்தக் குடும்பத்தை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதில்தான் தகராறு.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். 2014ல் மகனை முதல் வகுப்பில் சேர்த்தபோது அவன் டென்னை நடத்த ஆள் இல்லை. நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு பையன்கள். எட்டாவதாக என் மகள், அவனைவிட இரண்டு வயது சின்னவள். அவளை எங்கே விட்டுவிட்டு வருவது? முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த வாரம் கயிறு போதாமல் என் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தேன். வலதை இடதின் மேல், இடதை வலதின் மேல் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போட்டுவிட்டாள். இரண்டு பையன்கள் அவளிடம் கேட்டுத்தான் போட்டார்கள். அந்த வாரம் ஏழு பேருக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் புத்தகமே கிடையாது.

2017 ஜனவரி, டெர்பி. ஒரு பைன் மரக்கட்டை, நான்கு ஆணி, நான்கு பிளாஸ்டிக் சக்கரம். எடை ஐந்து அவுன்ஸைத் தாண்டக் கூடாது. மகனுக்குப் பெட்டி வந்தது. மகளுக்காகக் கடையில் இன்னொன்று வாங்கினோம். கணவர் அறுத்துக் கொடுத்தார், உப்புத்தாளால் அவளே தேய்த்தாள். மூன்று நாள் தேய்த்தாள். மயில் நீலம் அடித்து, என் நகப்பூச்சால் முதுகில் மூன்று கண் வைத்தாள். எடை பார்த்தபோது நாலரைக்குச் சற்று மேல்தான் இருந்தது. அடியில் நான்கு ஒரு சென்ட் நாணயம் ஒட்டினோம். சக்கரத்துக்குக் கிராஃபைட் தூள் போட்டு ஊதியதில் மூக்கெல்லாம் கறுப்பு.

பள்ளி உணவுக்கூடத்தில் நீண்ட தடம். சுவரில் பெரிய தாளில் பெயர்ப் பட்டியல், டென் வாரியாக. காலை பத்துக்குத் தொடங்கிய பந்தயம் ஒரு மணிக்கு முடிந்தது. கோப்பைகள் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் தம்பி தங்கைகளுக்கான ஓட்டம். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், இரண்டு அப்பாக்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நேரம் காட்டும் கருவியை அணைத்துவிட்டிருந்தார்கள். மகள் மயிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளின் முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"எம் பேரு எங்கம்மா?"

"நீ கப் ஸ்கவுட் இல்லையேடா."

"எல்லா மீட்டிங்குக்கும் நான் வந்தேனே."

என்னிடம் பதில் இல்லை. டென்கள் எல்லாம் சேர்ந்த அந்தப் பேக்கை நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை, விதி அப்படி இருந்தது. கார் ஓடியது, யாரோ இருவர் கைதட்டினார்கள். வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

அவளைப் போல எத்தனை தங்கைகள் எத்தனை உணவுக்கூடங்களில் ஓரமாக நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1930லிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டு. மழையில் நனைந்த கூடாரத்தில் அவர்களும் படுத்தார்கள், தீ மூட்டச் சுள்ளி பொறுக்கினார்கள், அண்ணனின் உறுதிமொழியை அண்ணனுக்கு முன்பே மனப்பாடம் செய்தார்கள். 2018ல் நடந்தது இதுதான்: ஏற்கெனவே அங்கே நின்றவர்களின் பெயரை அந்தத் தாளில் எழுதினார்கள்.

"பையன்களுக்குத் தனி வெளி வேண்டாமா?" என்று கேட்கிறார். பெண்கள் வந்ததுமே ட்ரூப்பில் பெண்களும் ஆண்களும் ஒரே குழுவில் கலக்கப்பட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதியிருக்கிறார். 2019ல் தொடங்கிய ஏற்பாட்டைப் படித்திருந்தால் அந்தப் பக்கம் மிச்சமாகியிருக்கும். அதன்படி பெண்களுக்குத் தனி ட்ரூப், அதற்குள் பட்ரோல் என்ற தனிச் சிறு குழுக்கள், தனித் தலைவி. அப்படியொன்று தொடங்கக் குறைந்தது ஐந்து பெண்கள் வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகள் கலந்துகொள்ளும் ஒவ்வொரு நிகழ்விலும் பதிவு பெற்ற, 21 வயது நிறைந்த பெண் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். என் மகள் ட்ரூப்பில் சேர்ந்த பிறகு அவள் முகாமில் சோறு பொங்கும் இடத்துக்கு நூறடி தள்ளித்தான் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார அனுமதி. சோறு கருகினாலும் எழுந்து போகக் கூடாது. கருகியது. கருகியதைச் சாப்பிட்டார்கள். எந்த அம்மா முந்தானையைப் பற்றிப் பேசுகிறார் இவர்?

கடைசியாக எண்ணிக்கை. இதைத்தான் அவர் தன் பிரம்மாஸ்திரமாக வைத்திருக்கிறார்: "பெண்களைச் சேர்த்தார்கள், இயக்கம் பாதியாகிவிட்டது." எண்ணிக்கை சரிந்தது உண்மை. 2019ல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த இளம் உறுப்பினர்கள் 2020ல் 11.2 லட்சமாகவும், 2021ல் 7.62 லட்சமாகவும் குறைந்தார்கள். அந்த ஆண்டுகளில் உலகத்துக்கு வேறொன்றும் நடந்ததே, நினைவிருக்கிறதா? பள்ளிகளை மூடினோம், பொங்கல் விழாவையே கணினித் திரையில் நடத்தினோம். பெண்களை மட்டுமே சேர்க்கும் கேர்ள் ஸ்கவுட்ஸும் அதே காலத்தில் சுமார் 14 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. அவர்கள் யாரைச் சேர்த்ததால் இறங்கினார்கள்?

மார்மன் திருச்சபை வெளியேறியதை எடுத்துக்காட்டுகிறார். 2019 முடிவில் அவர்களின் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் போனார்கள், சரி. ஆனால் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட தங்கள் பையன்களை விலக்கிக்கொள்வதாக அந்தத் திருச்சபை அறிவித்தது 2017 மே மாதம். பெண்களைச் சேர்க்கும் அறிவிப்பு வந்தது அக்டோபரில். மே மாதம் அக்டோபருக்கு முன்பே வருகிறது.

சரிவு தொடங்கியதும் 2018ல் அல்ல. 1970களின் தொடக்கத்தில் பெரியவர்களையும் சேர்த்து அறுபது லட்சத்தைத் தாண்டி உச்சத்தில் இருந்தது இயக்கம். 1972ல் காட்டையும் முகாமையும் பின்னுக்குத் தள்ளி ஒரு புதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள், பிள்ளைகள் பல லட்சமாகக் கழன்றார்கள். ஓய்வு பெற்றிருந்த சாரண எழுத்தாளர் வில்லியம் ஹில்கோர்ட்டை அழைத்துவந்து 1979ல் கையேட்டைத் திரும்ப எழுத வைக்க வேண்டியதாயிற்று. அப்போது கப் ஸ்கவுட்டிலும் ட்ரூப்பிலும் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய ஒன்றைக் கட்டுரையாளர் மூன்று பக்கத்தில் ஒரு வரியாகக்கூடச் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் மனு கொடுத்தது. ஏன்? பல பத்தாண்டுகளாகச் சிறுவர்கள் மேல் நடந்த பாலியல் வன்கொடுமைகள். 82,000க்கு மேற்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு வந்தார்கள். 246 கோடி டாலர் நிதி ஒதுக்க வேண்டி வந்தது. குற்றம் செய்த தலைவர்களைப் பற்றிய ரகசியக் கோப்புகளைத் தலைமையகம் ஆண்டாண்டாகப் பூட்டி வைத்திருந்தது 2012ல் ஓரிகன் நீதிமன்ற உத்தரவால் வெளியே வந்தது. அந்தக் குற்றங்களில் ஆகப் பெரும்பாலானவை, ஆண்கள் மட்டும் தலைமை தாங்கி, பையன்கள் மட்டும் போய், அம்மாக்கள் வாசலோடு நின்ற அந்தப் பழைய நல்ல நாட்களில் நடந்தவை. இயக்கத்தின் மேல் பெற்றோருக்கு இருந்த நம்பிக்கையை எது உடைத்தது என்று தேடுகிறவர் இந்த எண்ணைத் தாண்டிக்கொண்டு என் மகளைக் கைகாட்டக் கூடாது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். முகாமில் இன்று இரண்டு பதிவு பெற்ற பெரியவர்கள் இல்லாமல் எதுவும் நடக்காது, எந்தப் பெற்றோரும் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம். குடும்பம் வந்து உட்கார்ந்திருப்பது எனக்குச் சுற்றுலாவாகத் தெரியவில்லை, காவலாகத் தெரிகிறது.

பிரிட்டனையும் பார்த்துவிடலாம். அங்கே 1991லிருந்து விரும்பிய குழுக்கள் பெண்களைச் சேர்த்தன, 2007ல் எல்லாக் குழுக்களுக்கும் அதுவே விதியாயிற்று. அதன்பின் பெருந்தொற்று வரும்வரை அங்கே மொத்த உறுப்பினர் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இங்கேயும் 2024ல் 1,76,000க்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் ஈகிள் பட்டம் பெற்ற முதல் பெண்கள் அணியில் ஏறக்குறைய ஆயிரம் பேர். 2024க்குள் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். இவர்கள் யாரும் எந்தப் பையனின் பட்டத்தையும் பறித்து வாங்கவில்லை. ஈகிளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது.

பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இரண்டு மகன்களின் ஈகிள் விழாப் படங்களை நீங்கள் எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். அந்தப் படங்களில் ஓரமாக, கையில் கேமராப் பையோடு ஒரு பெண் நிற்கிறாள். உங்கள் மகள். அவளுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். அடுத்த மேடைக்கு முன் அவளிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அவளுக்கும் வேண்டியிருந்ததா என்று.

தோழிக்கும் மற்றவர்களுக்கும்: செப்டம்பரில் பள்ளி திறந்ததும் பிள்ளையின் பையில் கப் ஸ்கவுட் சேர்க்கைத் தாள் வரும். மழலையர் வகுப்பிலிருந்தே சேரலாம். அதில் பையன் என்று போட்டிருக்காது. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். டென் லீடர் வேண்டும் என்று கேட்பார்கள், எப்போதும் கேட்பார்கள், சரி என்று சொல்லுங்கள். மற்றதை நான் வந்து சொல்லித் தருகிறேன்.